வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஏஜென்ட் வாயால் சொன்னதும் தாளில் எழுதியதும்

சென்ற இதழில் வீட்டுக் கடன் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடனைப் பற்றிக் கேட்கவில்லை; வீட்டைக் காட்டிய ஏஜென்டைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். நேர்மையாகத் தொழில் செய்யும் ஏஜென்டுகள் தென்னாப்பிரிக்காவில் நம் பகுதிகளில் நிறையவே இருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து வருந்த ஏதுமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, சாட்ஸ்வொர்த்தில் ஒரு செமி (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொதுவான) வீட்டை வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டோம், வங்கியில் போண்டும் (வீட்டுக் கடனும்) கிடைத்துவிட்டது. வீட்டின் பின்புறம் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக அவுட்பில்டிங் இருக்கிறது. 'அதை வாடகைக்கு விட்டால் போண்டில் பாதியை அதிலேயே கட்டிவிடலாம்' என்று ஏஜென்ட் சொன்னதால்தான் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டோம். இப்போது, அந்தக் கட்டடத்துக்கு மாநகராட்சியில் பிளான் பாஸ் ஆகவே இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். ஏஜென்டைக் கேட்டால், 'ஃபுட்ஸ்டுட்ஸ் என்று கையெழுத்துப் போட்டீர்களே, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதியை வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்துகிறார். உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன் என்னும் ஃபுட்ஸ்டுட்ஸ் விதி, வெளிப்பார்வைக்குத் தெரியாத குறைகளிலிருந்து விற்பவரைக் காப்பாற்றுகிறது. பிளான் இல்லாத கட்டடமும் அப்படிப்பட்ட குறைதான், ஆகவே அதுவும் இந்த விதிக்குள் அடங்கும் என்று ப்ளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஏஜென்டுகள் இந்தத் தீர்ப்பின் இவ்வளவு பகுதியை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். மீதிப் பகுதி, விற்பவருக்குக் குறை தெரிந்திருந்தும் ஏமாற்றும் எண்ணத்தோடு அதை மறைத்திருந்தால் அந்த விதி அவரைக் காப்பாற்றாது என்பது. எனவே உங்கள் வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி, பிளான் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காது. பிளான் இல்லை என்பது விற்பவருக்குத் தெரியுமா, தெரிந்தும் சொல்லாமல் விட்டாரா என்பதுதான். அவுட்பில்டிங்கைக் கட்டியவரே அவர் என்றால், தெரியாது என்று அவர் சொல்வதை நம்புவது கடினம்.

இதைவிட உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று, 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சொத்துத் தொழிலர் (வீட்டு ஏஜென்ட் முதலானோர்) சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி, விற்பவர் வீட்டின் குறைகளை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தரும் டிஸ்க்ளோஷர் படிவம் இல்லாமல் ஏஜென்ட் அந்த வீட்டை விற்கும் பொறுப்பையே ஏற்கக் கூடாது. வாங்க விரும்புபவருக்கு அதன் பிரதியைத் தர வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தோடும் அதை இணைக்க வேண்டும். கூரை, மின்சாரம், குழாய், கழிவுநீர், அடித்தளத்தில் விரிசலும் நீர்க்கசிவும், எல்லைத் தகராறு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் அந்தப் படிவத்தில், வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டவை எல்லாம் உரிய அனுமதி பெற்ற பிறகே கட்டப்பட்டனவா என்ற கேள்வியும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அதன் பின்னிணைப்பைப் பாருங்கள். படிவம் இருந்து, அந்த இடத்தில் 'ஆம்' என்று குறியிட்டிருந்தால், அதுவே விற்பவர் கைப்பட எழுதித் தந்த தவறான தகவல். படிவமே இல்லையென்றால், எந்தக் குறையும் உங்களிடம் தெரிவிக்கப்படவில்லை என்றுதான் ஒப்பந்தத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'நான்தான் அன்றைக்கே வாசலில் நின்று சொன்னேனே' என்று விற்பவரோ ஏஜென்டோ பிறகு கதை சொல்ல முடியாது. படிவத்தைப் பெறாத ஏஜென்டும் வாங்கியவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

வாடகைப் பேச்சைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'போண்டில் பாதியைக் கட்டிவிடலாம்' என்பது கருத்து என்றும், உறுதிமொழி அல்ல என்றும் அவர்கள் வாதிடுவார்கள். கையெழுத்துப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், இந்தத் தாளில் எழுதப்படாத எந்த வாக்குறுதியையும் நம்பி நான் வாங்கவில்லை என்று ஒரு சிறிய பத்தி பெரும்பாலும் இருக்கும். யாரும் படிக்காத பத்தி அது. ஆனால் அனுமதி இல்லாத கட்டடத்தைக் காட்டி வாடகை ஆசை ஊட்டியதும், அதற்கு அனுமதி இல்லை என்பதை ஏஜென்ட் அறிந்திருந்ததும் நிரூபணமானால், வெறும் கருத்து என்ற வாதம் நிற்காது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் விளம்பரத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இப்போது செய்ய வேண்டியவற்றில் முதலாவது, வீடு உங்கள் பெயருக்கு மாறும் முன்பே நகர்வது. பெயர் மாறி விற்பவர் கையில் பணம் போன பிறகு எந்த உரிமையும் நீண்ட வழக்காகிவிடும். உரிமையாளரின் எழுத்து ஒப்புதலோடு டர்பனின் ஈத்தெக்வினி மாநகராட்சியின் கட்டட வரைபடப் பிரிவில் அந்த மனைக்கு ஒப்புதலான பிளானின் பிரதியைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் சொல் உண்மையாகவே இருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்காது, மாநகராட்சியின் கோப்பை ஏற்கும். பிளான் இல்லை என்று உறுதியானால், உங்கள் சொந்த வழக்கறிஞர் மூலம் விற்பவருக்கும் ஏஜென்டுக்கும் கடிதம் அனுப்பி, விற்பவர் தம் செலவில் பிளானை முறைப்படுத்தித் தருவது, விலையைக் குறைப்பது, ஒப்பந்தத்தை ரத்து செய்வது ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். கோபத்தில் நீங்களாகவே 'வீடு வேண்டாம்' என்று விலகிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகி, விற்பவர் நஷ்டஈடும் ஏஜென்ட் கமிஷனும் உங்களிடமே கேட்க வழி பிறக்கும்.

இன்னொன்று. சாட்ஸ்வொர்த்தின் சரிவுகளில் வீடு பார்க்கும் எவரும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த மனைக்கு என்ன நேர்ந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். பின்புற மண் சரிந்த இடத்தில் புதிதாக எழுப்பிய தாங்குசுவர் வெள்ளையடித்து அழகாக நிற்கும். அதன் பின்னால் நீர் வடியக் குழாய் விட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

கேள்வி: ஃபீனிக்ஸில் ஒரு வீடு பார்த்தேன். 'உங்களுக்காக வீட்டைப் பிடித்து வைக்கிறேன், 10,000 ராண்ட் என் கணக்குக்கு அனுப்புங்கள்' என்கிறார் ஏஜென்ட். ரசீது தருவாராம். அனுப்பலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அனுப்ப வேண்டாம். வாங்குபவரின் பணம் ஏஜென்ட் நிறுவனத்தின் டிரஸ்ட் கணக்குக்கோ (பிறர் பணத்தைத் தனியே வைக்கும் கணக்கு), பத்திரமாற்றம் செய்யும் கன்வேயன்சரின் டிரஸ்ட் கணக்குக்கோதான் போக வேண்டும். தனிப்பட்ட ஒருவரின் கணக்குக்குப் பணம் கேட்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது முறையான கேள்வி அல்ல. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ். அதை பி.பி.ஆர்.ஏ. எனப்படும் சொத்துத் தொழிலர் ஒழுங்குமுறை ஆணையம் வழங்குகிறது. நிறுவனத்துக்கு ஒன்று, ஏஜென்டுக்குத் தனியாக ஒன்று என்று இரண்டும் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமை கிடையாது. அவர் தொழில் செய்வதே குற்றம். சான்றிதழின் புகைப்படத்தைப் போனில் காட்டினால் அதோடு திருப்தியடையாமல், அதில் உள்ள எண்ணையும் பெயரையும் காலாவதித் தேதியையும் ஆணையத்திடம் நேரடியாகச் சரிபாருங்கள். டிரஸ்ட் பணத்தை ஏஜென்ட் திருடிவிட்டால் இழப்பீடு கோர ஃபிடெலிட்டி ஃபண்ட் என்னும் அந்த நிதியம் இருக்கிறது. நீங்கள் தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணத்தை டிரஸ்ட் பணம் என்று நிரூபிப்பது உங்கள் தலைவலியாகிவிடும்.

வீட்டைப் 'பிடித்து வைப்பது' என்ற ஒன்றே இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருந்து இருதரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று 1981-ஆம் ஆண்டின் நிலக் கைமாற்றுச் சட்டம் சொல்கிறது. எழுத்து இல்லாமல் நீங்கள் தரும் 10,000 ராண்ட் எதையும் பிடித்து வைக்காது.

கேள்வி: நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து மிட்ராண்டில் வசிக்கிறேன். கோயிலில் அறிமுகமான தமிழ் ஏஜென்ட் ஒருவர் வீடு காட்டினார். 'இன்னொருவர் நாளை காலை ஆஃபர் போடுகிறார், இன்றிரவே கையெழுத்துப் போடுங்கள், பிடிக்காவிட்டால் ஐந்து நாளில் ரத்து செய்துகொள்ளலாம்' என்கிறார். மேலும், சோபா, பிரிட்ஜ், திரைச்சீலை இவற்றுக்கு 3 லட்சம் ராண்ட் என்று தனியாக எழுதி வீட்டின் விலையைக் குறைத்துக் காட்டினால் வரி மிச்சமாகும் என்றும் சொல்கிறார். நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று உண்டு; இங்கே அப்படி இல்லையாமே?
– வாசகர், மிட்ராண்ட்

பதில்: அந்த ஐந்து நாள் கதையை முதலில் முடித்துவிடுவோம். அப்படி ஓர் உரிமை உண்மையாகவே உண்டு. ஆனால் விலை 2,50,000 ராண்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும்தான். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலாக ஐந்து நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் விலகிக்கொள்ளலாம். மிட்ராண்டில் உங்களுக்குக் காட்டிய வீடு அந்த விலைக்குள் வராது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் கையெழுத்திடும் 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' பெயரளவில்தான் ஆஃபர். விற்பவரும் கையெழுத்திட்ட நொடியில் அதுவே முழு ஒப்பந்தம். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, பிறகு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போவது வரை மனம் மாற இடம் இருப்பதுபோல் இங்கே கிடையாது.

அந்தத் தாளில், இந்த ஆஃபரை இன்ன தேதி இன்ன மணி வரை திரும்பப் பெற முடியாது என்று ஒரு வரி இருக்கும். நேர்மையற்ற ஏஜென்ட் அந்த இடத்தில் ஏழெட்டு நாளை எழுதிவிட்டு, உங்கள் விலையைக் காட்டி இன்னும் இரண்டு பேரிடம் பேரம் பேசப் புறப்பட்டுவிடுவார். நீங்களோ நகர முடியாமல் நிற்பீர்கள். அதை மறுநாள் மாலை வரை என்று சுருக்கச் சொல்லுங்கள். அப்போது 'இன்னொருவர்' உண்மையிலேயே இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். அதேபோல், வங்கிக் கடன் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையில், உங்களுக்குத் தேவையான முழுத் தொகையும் நியாயமான கெடுவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலியிடம் விட்டு 'நான் பிறகு நிரப்பிக்கொள்கிறேன்' என்றால் பேனாவை மூடிவிடுங்கள்.

அவர் தமிழர் என்பதாலும் கோயிலில் அறிமுகமானவர் என்பதாலும் உங்கள் ஆள் என்று எண்ணாதீர்கள். விற்பவரிடம் பொறுப்பேற்று, விற்பவரிடம் கமிஷன் பெறுபவர் அவர். விலை ஏறினால் அவர் பங்கும் ஏறும். இது குற்றமல்ல, தொழிலின் அமைப்பு. தமிழில் பேசினாலும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இந்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்று நாம் பெருமைப்படலாம். வீட்டு ஒப்பந்தம் என்னவோ தமிழில் வருவதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், அந்த விற்பனையில் காசு பார்க்காத ஒருவரிடம் காட்டிப் படித்துப் பாருங்கள்.

வரி விஷயத்தில் அவர் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார். 2025 ஏப்ரல் 1 முதல் 12,10,000 ராண்ட் வரையிலான வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் கட்டும் வரி) இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் படிப்படியாக ஏறும். வழிகாட்டி மதிப்பு என்ற பட்டியல் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதிய விலை சந்தை மதிப்பைவிடக் குறைவு என்று வருவாய்த் துறையான சார்ஸ் கருதினால், நியாயமான மதிப்பின் மீதே வரி கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. உண்மையாகவே வீட்டோடு விடப்படும் தட்டுமுட்டுச் சாமான்களை அவற்றின் உண்மையான மதிப்பில் தனியே எழுதலாம். பழைய சோபாவுக்கும் பிரிட்ஜுக்கும் 3 லட்சம் என்று எழுதிக் கையெழுத்திடுவது பொய்க் கணக்கு; அதில் இருப்பது உங்கள் கையெழுத்து, ஏஜென்டின் கையெழுத்து அல்ல. வேலை அனுமதியில் இருப்பவர் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரைஸ்தோர்ப்பில் ஒரு வீடு. பத்திரம் காலமான தாத்தா பெயரில் இருக்கிறது. மூத்த மகன் விற்கிறார். 'தம்பி தங்கைகள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், பத்திரம் பிறகு மாறிக்கொள்ளும்' என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒரு தம்பி இன்னும் பின்னறையில் குடியிருக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் நம்மவரைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்துப் புதிய குடியிருப்புகளில் கொண்டு வைத்த காலத்தில் முதல் தலைமுறை வாங்கிய வீடுகள் பல, இன்றும் அவர்கள் பெயரிலேயே இருக்கின்றன. கருமாதி முடிந்ததும் யார் எந்த அறை என்பதைக் குடும்பம் பேசி முடித்துவிடுகிறது. எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை, பதிவு செய்ய யாரும் போவதில்லை.

இறந்தவரின் வீட்டை விற்க மூத்த மகனுக்கு, மகன் என்ற முறையில், எந்த அதிகாரமும் இல்லை. இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிக்யூட்டர் (சொத்து நிர்வாகி) மட்டுமே விற்க முடியும்; எஸ்டேட்டின் மொத்த மதிப்பு 2,50,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால் எக்ஸிக்யூட்டருக்குப் பதிலாக எளிய அதிகாரக் கடிதம் ஒன்றை மாஸ்டர் தருவார். இந்த நியமனக் கடிதத்தின் பிரதியைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு ராண்டும் தராதீர்கள். அதற்குமுன் மகன் போட்ட கையெழுத்தைக் காட்டி எஸ்டேட்டிடம் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. எக்ஸிக்யூட்டர் விற்றாலும், விற்பனைக்குத் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று மாஸ்டர் சான்றளித்த பிறகே பத்திரம் மாறும். 'எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்' என்பதை ஏஜென்ட் வாயால் சொல்லக் கூடாது. வாரிசுகள் எழுத்தில் தர வேண்டும்.

பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, நீதிமன்றத் தடை ஏதும் இருக்கிறதா என்பதை உங்கள் ஊரிலேயே இருக்கும் பத்திரப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். குவாசுலு-நட்டால் முழுவதற்குமான பதிவகம் அதுதான். தாத்தா, சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாகும் சமுதாயச் சொத்து முறையில் மணம் செய்தவராக இருந்தால் வீட்டில் பாதி பாட்டியுடையது என்பதையும் மறக்க வேண்டாம். பாட்டி உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

பின்னறைத் தம்பியைப் பற்றி ஏஜென்ட் 'வீடு மாறியதும் அவரே போய்விடுவார்' என்று சொல்லியிருப்பார் என ஊகிக்கிறேன். போகவில்லையென்றால், 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. அவர் முதியவரோ, உடல் ஊனமுற்றவரோ, குழந்தைகளோடு இருப்பவரோ என்றால் நீதிமன்றம் இன்னும் கவனமாகப் பார்க்கும். அந்தச் செலவும் காலமும் புதிய உரிமையாளரான உங்கள் தலையில்தான் விழும். பதிவுக்கு முன் வீடு முழுவதும் காலியாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். அதை எழுத அவர்கள் தயங்கினால், தம்பியின் சம்மதம் எவ்வளவு என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

கேள்வி: பழைய உரிமையாளர் கட்டாத தண்ணீர், ரேட்ஸ் (சொத்துவரி) பாக்கி பல ஆண்டுகளுக்கு இருக்கிறதாம். 'வீட்டை வாங்குபவர்தான் அதைக் கட்ட வேண்டும், எனவேதான் விலை குறைவு' என்கிறார் ஏஜென்ட்.
– வாசகி, வெருலம்

பதில்: தவறு. முந்தைய உரிமையாளரின் பழைய மாநகராட்சிக் கடன் புதிய உரிமையாளரைத் தொடராது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் தீர்த்துவிட்டது. பெயர் மாற்றத்துக்குமுன் பாக்கி தீர்ந்தது என்னும் மாநகராட்சியின் கிளியரன்ஸ் சான்றிதழும் வேண்டும். அதற்கான பாக்கியை விற்பவர்தான் தீர்க்கிறார். பாக்கியை நீங்கள் ஏற்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி உங்கள் கையெழுத்தை வாங்கினால் மட்டுமே அது உங்கள் கடன் ஆகும். அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: டர்பன் கடற்கரையோரம் ஒரு பிளாட் வாங்கினோம். குடியேறிய பிறகுதான், லிஃப்ட் மாற்றுவதற்காக பாடி கார்ப்பரேட் (பிளாட் உரிமையாளர் சங்கம்) ஏற்கெனவே ஸ்பெஷல் லெவி (சிறப்புக் கட்டணம்) போட்டிருப்பது தெரிந்தது. ஏஜென்ட் மூச்சுவிடவில்லை. யார் கட்ட வேண்டும்?
– தம்பதியர், டர்பன்

பதில்: லெவிக்கான தீர்மானம் நிறைவேறிய அன்று உரிமையாளராக இருந்தவர்தான் அந்தத் தொகைக்குப் பொறுப்பு, ஆனால் அது தவணையாகக் கட்டப்படுவதாக இருந்தால், பெயர் மாறிய நாளிலிருந்து வரும் பங்கு புதிய உரிமையாளரைச் சேரும் என்பது சட்டத்தின் பொதுவான நிலை. உங்கள் ஒப்பந்தத்தில் இதைப்பற்றித் தனி விதி இருந்தால் அது விற்பவருக்கும் உங்களுக்கும் இடையே செல்லும். எனவே முதலில் அதைப் படியுங்கள். தீர்மானம் நிறைவேறியதை ஏஜென்ட் அறிந்திருந்தார் என்று காட்ட முடிந்தால் அவர் மீது புகார் செய்ய நல்ல காரணம் இருக்கிறது.

பிளாட் பார்க்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி ஆண்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கையான கணக்கு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 2016 அக்டோபரிலிருந்து அந்தத் திட்டமும் அதற்கான சேமநிதியும் ஒவ்வொரு பாடி கார்ப்பரேட்டுக்கும் கட்டாயம். சேமநிதி வெறுமையாக இருந்து கட்டடம் கடற்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தால், ஸ்பெஷல் லெவி இன்று இல்லாவிட்டாலும் விரைவில் வரும்.

கேள்வி: லெனேசியாவில் வீடு வாங்குகிறோம். கன்வேயன்சரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று ஏஜென்ட் ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருக்கிறார். அவருடைய முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது. ஏஜென்டைச் சந்தேகிப்பதா?
– வாசகர், லெனேசியா

பதில்: ஏஜென்ட் அனுப்பியதே இல்லாமலும் இருக்கலாம், மின்னஞ்சலுக்குள் திருடன் புகுந்து எண்ணை மாற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2019-இல் கௌடெங்கில் வீடு வாங்கிய ஒருவர் இப்படி மாற்றப்பட்ட கணக்குக்கு 55 லட்சம் ராண்ட் அனுப்பிவிட்டார். உயர் நீதிமன்றம் 2023-இல் அவருக்குச் சாதகமாகவும் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு எதிராகவும் தீர்ப்பளித்தபோது பலரும் நிம்மதி அடைந்தோம். 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. முன்பணம் கட்டும்போது தொலைபேசியில் கணக்கைச் சரிபார்த்த அவர், பெருந்தொகையை அனுப்பும்போது அதைச் செய்யவில்லை. சரிபார்த்திருந்தால் இழப்பைத் தவிர்த்திருக்க முடியும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆகவே இன்றைய நிலையில் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது. மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். அதையும் திருடனே எழுதியிருப்பான். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேரில் சென்று, முத்திரையிட்ட தாளில் கணக்கு விவரத்தை வாங்குங்கள். லெனேசியாவிலிருந்து எவ்வளவு தூரமானாலும் அந்தப் பயணம் வீண் இல்லை.

கேள்வி: ஏமாற்றிய ஏஜென்ட் மீது எங்கே புகார் செய்வது? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.
– வாசகி, டொங்காட்

பதில்: பி.பி.ஆர்.ஏ. ஆணையத்திடம் எழுத்தில் புகார் தரலாம், வக்கீல் தேவையில்லை. அபராதம் விதிக்கவும் சான்றிதழைப் பறிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் விரைவாகப் பணம் வாங்கித் தரும் இடம் அதுவல்ல, எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 20,000 ராண்டுக்குள் என்றால் சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே எதிர்த்தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இருவரும் சமமாக நிற்பீர்கள். பணத்தை எடுத்துக்கொண்டு தலைமறைவானவர் என்றால் காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள். ஃபிடெலிட்டி ஃபண்ட் நிதியத்திடம் கோரும்போதும் அந்த எண் உதவும். பொதுவாக இத்தகைய பணக் கோரிக்கைகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அந்த மூன்று ஆண்டுகளையும் 'அடுத்த வாரம் தருகிறேன்' என்ற பேச்சிலேயே கடத்திவிடுவார்கள்; கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது இவர்களுக்காகவே சொன்னது.

கேள்வி: ஷோ டே (வீட்டை எல்லாருக்கும் திறந்து காட்டும் நாள்) அன்று ஒரு ஏஜென்ட் காட்டிய வீட்டை, இரண்டு மாதம் கழித்து விலை குறைந்தபோது வேறொரு ஏஜென்ட் மூலம் வாங்கப் போகிறோம். முதல் ஏஜென்ட் கமிஷன் கேட்டு எங்களை மிரட்டுகிறார்.
– வாசகர், ஐசிபிங்கோ

பதில்: இந்த விஷயத்தில் அந்த ஏஜென்டை ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிட எனக்கு மனமில்லை, அவர் பக்கம் நியாயம் இருக்கவும் கூடும். விற்பனைக்கு முதன்மைக் காரணமாக அமைந்தது யாருடைய முயற்சி என்பதையே நீதிமன்றம் பார்க்கும். கடைசியில் தாளை எழுதியவர் யார் என்பதை அல்ல. கமிஷன் தருபவர் விற்பவர்தான் என்றாலும், ஆபத்து உங்களுக்கும் உண்டு. 'இந்த ஏஜென்டைத் தவிர வேறு எவரும் எனக்கு இந்த வீட்டைக் காட்டவில்லை' என்று வாங்குபவர் உறுதி கூறும் வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். உண்மைக்கு மாறாக அதில் கையெழுத்திட்டால், விற்பவர் இரண்டு கமிஷன் கட்ட நேரும்போது இரண்டாவதை உங்களிடம் கேட்பார். ஷோ டேயில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்த பதிவேடு முதல் ஏஜென்டிடம் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னும் கையெழுத்திடவில்லை என்பது நல்லது. அந்த வரியை அடித்துவிட்டு, இன்ன தேதியில் இன்ன ஏஜென்ட் எங்களுக்கு வீட்டைக் காட்டினார் என்று எழுதச் சொல்லுங்கள். கமிஷன் பற்றிய எந்தக் கோரிக்கையும் விற்பவரையே சேரும் என்றும் ஒரு வரி சேர்த்து, இருதரப்பும் அந்த இடத்தில் சுருக்கொப்பம் இடட்டும். இரண்டு ஏஜென்டுகளும் கமிஷனைத் தமக்குள் பிரித்துக்கொள்வது நடைமுறையில் உள்ளதுதான். விற்பவர் மூலமாக இந்த வாரமே அந்தப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.